சம்பளமில்லாத நாடகக் குழுவில் சேர்ந்து உழைப்பது எப்படி? மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் எந்த வார நாளானாலும் மாலை ஏழு மணிக்கு ஏதோ ஒரு பள்ளி வகுப்பறையிலோ மொட்டைமாடியிலோ நாடக ஒத்திகை நடந்துகொண்டிருக்கும். வந்திருப்பவர்களில் வங்கி ஊழியர் இருப்பார், கல்லூரி மாணவி இருப்பார், ஷிப்ட் மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த ஐ.டி. ஊழியர் இருப்பார், ஓய்வுபெற்ற ஆசிரியர் இருப்பார். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. ஆட்டோவுக்கும் டீக்கும் பெரும்பாலும் சொந்தக் காசு. தமிழில் இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. நாடகம் என்றாலே தொழில்முறைக் கம்பெனிகள்தான் என்றிருந்த காலத்தில், படித்து வேறு வேலை பார்ப்பவர்களும் மேடையேறலாம் என்று காட்டியது அந்தச் சபை. அவரும் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்துகொண்டே நாடகம் எழுதினார், நடித்தார்.

இப்படிப்பட்ட ஒரு குழுவில் சேர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடிக்கக் கற்றுத்தரப் பட்டறைகள் நிறைய உண்டு. குழுவில் எப்படி இருப்பது என்று சொல்லித்தர ஆள் குறைவு. பக்கத்திரைக்குப் பின்னால் பல ஆண்டுகள் நின்றதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று: நாடகக் குழுவின் நட்பு பேசிப் பழகி வருவதைவிட, சேர்ந்து தூக்கி, சேர்ந்து கட்டி, சேர்ந்து காத்திருந்துதான் அதிகம் வருகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் வேலையைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

முதல் படி: உங்களுக்கான குழு எது?

எல்லா நாடகக் குழுவும் ஒரே மாதிரி இயங்குவதில்லை. சென்னையை வைத்துச் சொன்னால் மூன்று வகை கண்ணில் படும்.

ஒன்று, சபா நாடகக் குழுக்கள். ஒய்.ஜி. பார்த்தசாரதி 1952இல் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் போன்றவை இந்த மரபு. மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பக்கத்துச் சபாக்களில், நாரத கான சபா, வாணி மஹால் மாதிரி அரங்குகளில் இவற்றின் காட்சிகள் நடக்கும். ஒரே நாடகம் பல மேடைகளைக் காணும். செட், மேக்கப், மைக் எல்லாவற்றுக்கும் பழகிய ஆட்கள் இருப்பார்கள். ஒழுங்கு கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

இரண்டாவது, நவீன நாடகக் குழுக்கள். 1970களின் கடைசியில் ஒரு அலையாக எழுந்தவை இவை. நா. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னையில் ஞாநி பரீக்ஷாவையும் மதுரையில் மு. ராமசாமி நிஜ நாடக இயக்கத்தையும் தொடங்கினார்கள். இந்த வகைக் குழுக்களில் உடற்பயிற்சி, குரல் பயிற்சி, எழுதிவைத்த வசனமில்லாமல் அந்தந்தக் கணத்தில் தோன்றுவதை நடித்துப் பார்க்கும் இம்ப்ரொவைசேஷன் என்று ஒத்திகையே நீளமாக இருக்கும். காட்சிகளின் எண்ணிக்கை குறைவு. அதனால் காட்சியைவிட ஒத்திகையை நேசிப்பவர்களுக்கு ஏற்ற இடம்.

மூன்றாவது, வீதி நாடகக் குழுக்கள். வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் 1980இல் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் நடத்திய பட்டறை இங்கே பலரை மேடையை விட்டு இறங்கிவர வைத்தது. 1984இல் பிரளயன் தொடங்கிய சென்னைக் கலைக்குழு இந்த வழியில் நீண்டகாலம் உழைத்த குழு. விளக்கு, திரை, செட் எதுவும் அதிகம் வேண்டாம். ஆனால் வெயிலும் பயணமும் அரசியல் பேச்சும் நிறைய.

எதில் சேருவது என்று விளம்பரத்தையோ அறிமுகப் பக்கத்தையோ பார்த்து முடிவெடுக்காதீர்கள். குழுவின் இரண்டு காட்சிகளையாவது பாருங்கள். முதல் முறை நாடகத்தைப் பாருங்கள். இரண்டாவது முறை, காட்சி முடிந்ததும் கிளம்பிவிடாமல் ஓரமாக நின்று கவனியுங்கள். செட்டைக் கழற்றும்போது யார் யார் கை வைக்கிறார்கள்? நாயகன் வேடம் போட்டவர் பெஞ்ச் தூக்குகிறாரா, ரசிகர்களோடு படம் எடுத்துக்கொண்டு நிற்கிறாரா? இயக்குநர் சின்னப் பையனிடம் எந்தக் குரலில் பேசுகிறார்? பெண்கள் வீடு திரும்ப ஏற்பாடு என்ன? இந்தப் பத்து நிமிடம் அந்தக் குழுவைப் பற்றி உங்களுக்கு நிறையச் சொல்லிவிடும்.

இரண்டாம் படி: போய்க் கேளுங்கள்

"நடிக்க வாய்ப்பு இருக்கா சார்?" என்று கேட்டால் "பார்க்கலாம் தம்பி" என்ற பதிலோடு முடிந்துவிடும். "வாரத்தில் இரண்டு நாள் மாலையும் ஞாயிறு முழுக்கவும் என்னால் வர முடியும், எந்த வேலையானாலும் சரி" என்று கேளுங்கள். அநேகமாக அதே வாரம் கூப்பிடுவார்கள். எல்லாக் குழுவிலும் நடிக்க ஆள் உண்டு. பொருள் வாங்க, கேபிள் சுருட்ட, வசனம் எடுத்துக்கொடுக்க ஆள் இருக்காது.

சொல்லும் நேரத்தைக் குறைத்துச் சொல்லுங்கள், சொன்னதைக் காப்பாற்றுங்கள். தினமும் வருகிறேன் என்று சொல்லி இரண்டாவது வாரம் காணாமல் போகிறவரைவிட, சனிக்கிழமை மட்டும் வந்தாலும் தவறாமல் வருகிறவரை நம்பித்தான் குழு திட்டம் போடும்.

மூன்றாம் படி: முதல் மாதம்

முதல் மாதத்தில் உங்களுக்கு ஒரே வேலை, ஒத்திகை தொடங்குவதற்குக் கால்மணி நேரம் முன்னால் போய்விடுவது. அறையைப் பெருக்கி, நாற்காலிகளை ஓரம் தள்ளி, மேடையின் அளவைத் தரையில் டேப்பால் குறித்து வைக்கும் ஆள் எப்போதும் யாராவது ஒருவர் இருப்பார். அவரோடு சேர்ந்து அதைச் செய்யுங்கள். குழுவின் வரலாறு, யாருக்கும் யாருக்கும் ஆகாது, போன நாடகத்தில் என்ன தகராறு, எந்த அரங்கில் மின்சாரம் சொதப்பும், எல்லாம் அந்தக் கால்மணி நேரத்தில் காதில் விழும்.

ஒத்திகை நடக்கும்போது பேசாமல் இருங்கள். நடிகர் ஒருவர் ஒரு வரியை நாலாவது முறை தவறவிடும்போது "இப்படிச் செய்தால் என்ன" என்று யோசனை சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். நடிகருக்குத் திருத்தம் சொல்லும் உரிமை இயக்குநர் ஒருவருக்குத்தான். ஐந்து பேர் ஐந்து விதமாகத் திருத்திய நடிகர் காட்சி நாளன்று ஐந்தையும் சேர்த்து நடிப்பார். உங்களுக்கு நல்ல யோசனை தோன்றினால் இடைவேளையில் இயக்குநரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள், கையில் என்ன இருக்கிறது, எங்கே வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று எழுதிவாருங்கள். ஒருவர் உடல்நலமின்றி வராமல் போகும் நாளில் அந்த இடத்தில் நின்று வசனம் படிக்க உங்களைத்தான் கூப்பிடுவார்கள். நடிப்புக்கான கதவு பல பேருக்கு அப்படித்தான் திறந்திருக்கிறது.

நான்காம் படி: ஒரு வேலையை உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றிலும் கொஞ்சம் உதவி செய்பவர் நல்லவர்; ஆனால் ஒரு பொறுப்பை முழுதாக எடுப்பவரைத்தான் குழு சார்ந்திருக்கும். எந்த வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இந்தப் பகுதி நீளமாகத்தான் இருக்கும்.

*மேடைப் பொருள்கள்.* ப்ராப்பர்ட்டி என்று எல்லோரும் சொல்வது. செம்பு, கண்ணாடி, கடிதம், குடை, துப்பாக்கி என்று நடிகர் கையாளும் எல்லாமே இதில் அடங்கும். காட்சி வாரியாகப் பட்டியல் எழுதுங்கள்: பொருள், யார் கொண்டுவருகிறார், எந்தப் பக்கமிருந்து, மறுபடி எங்கே போய்ச் சேருகிறது. விங்ஸ் என்று சொல்லும் பக்கத்திரைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மேசை போட்டு, வெள்ளைத் தாள் விரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கட்டம் வரைந்து பெயர் எழுதுங்கள். காட்சி தொடங்க அரைமணி நேரம் இருக்கும்போது ஒரே பார்வையில் காலியான கட்டம் தெரிந்துவிடும். நடிகர்களிடம் கறாராக இருங்கள்: மேசையிலிருந்து எடுத்த பொருளை மேசையில்தான் வைக்க வேண்டும். யாருடைய பொருளையும் வேறு யாரும் தொடக் கூடாது, விளையாட்டுக்குக்கூட. மேடையில் சாப்பிடும் காட்சி இருந்தால் அன்றைக்குச் செய்த உணவாக இருக்கட்டும். வாயில் ஒட்டாத, சீக்கிரம் விழுங்கக்கூடிய உணவாகவும் இருக்கட்டும். முறுக்கைக் கடித்துக்கொண்டு வசனம் பேச எந்த நடிகராலும் முடியாது.

*வசனம் எடுத்துக்கொடுப்பது.* ப்ராம்ப்டிங். நாடகக் குழுவில் மிக அந்தரங்கமான நட்பு ப்ராம்ப்டருக்கும் நடிகருக்கும் இடையில்தான் பிறக்கிறது. ஒரு நடிகருடைய பயம் எந்த வரியில் இருக்கிறது என்று அவருடைய மனைவிக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே பிரதியோடு உட்காருங்கள். நடிகர் வேண்டுமென்றே விடும் மௌனங்களைப் பென்சிலால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மறந்ததால் வரும் மௌனமும் நடிப்பால் வரும் மௌனமும் கேட்க ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் மறந்தவருடைய மூச்சு மாறும், கண் உங்கள் பக்கம் திரும்பும். அப்போது முழு வரியையும் சொல்லாதீர்கள். முதல் இரண்டு சொல் போதும். கிசுகிசுக்காதீர்கள். கிசுகிசுப்பு மைக்கில் விழும், நடிகர் காதில் தெளிவாக விழாது. தாழ்ந்த, நேரான குரலில் சொல்லுங்கள். காட்சி முடிந்ததும் யார் எத்தனை இடத்தில் மறந்தார் என்று வேறு யாரிடமும் சொல்லக் கூடாது. அந்த நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் திரும்பி வராது.

*விளக்கு.* கற்றுக்கொள்ளாமல் தொடக் கூடாத ஒரே வேலை இதுதான். பல அரங்குகளில் இன்றும் 1000 வாட் ஹாலஜன் விளக்குகள் உண்டு. 230 வோல்ட்டில் அப்படி ஒரு விளக்கு சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். அதனால் 15 ஆம்பியர் பிளக்கில் மூன்று விளக்கு போட்டாலே 13 ஆம்பியர் ஆகிவிடும், நாலாவது போட்டால் அளவு மீறும். வயர் கனமில்லாததாக இருந்தால் மூன்றுகூட வேண்டாம். ஹாலஜன் பல்பை வெறும் கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறி பல்ப் சீக்கிரம் போகும். திரைத்துணிக்குப் பக்கத்தில் விளக்கை வைக்காதீர்கள். ஏணியில் ஏறுபவருக்குக் கீழே ஏணியைப் பிடிக்க ஒருவர் கட்டாயம் வேண்டும், அவர் கையில் போன் இருக்கக் கூடாது. அரங்கத்தின் எலக்ட்ரீஷியனிடம் முதல் நாளே போய்ப் பேசுங்கள், அவரைப் பெயர் சொல்லி, மரியாதையோடு. எந்தப் பாயிண்டில் எவ்வளவு லோடு தாங்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

*உடை, ஒப்பனை.* ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு பை, பையின் மேல் பெயர், உள்ளே உள்ளவற்றின் பட்டியல். ஊசி நூல், சேஃப்டி பின், கத்தரிக்கோல், கூடுதல் பொத்தான்கள் உங்கள் இடுப்புப் பையில் இருக்க வேண்டும், கிரீன் ரூமில் இருந்தால் போதாது. மேக்கப் பிரஷ்ஷையும் ஸ்பாஞ்சையும் பலர் முகத்தில் மாற்றி மாற்றிப் போடும் பழக்கத்தைத் தடுத்துவிடுங்கள். தோல் நோய் பரவும்.

*அரங்க வாசல்.* டிக்கெட் கிழிப்பது, உட்கார வைப்பது, தாமதமாக வருகிறவர்களைக் காட்சி மாறும்வரை நிறுத்திவைப்பது. முதியவர்களுக்குப் படிகளில் கை கொடுக்க ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள். இருட்டான அரங்கில் கீழே விழுவது மிக எளிது.

தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: ஆடும் நேரம் போக மற்ற நேரத்தில் கூத்துக் கலைஞர்கள் பின்பாட்டில் சேர்ந்து பாடுவார்கள். சும்மா இருக்கும் நடிகர் என்று அங்கே யாரும் கிடையாது. நகரத்துக் குழுக்கள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். இரண்டு காட்சி மட்டும் வரும் நடிகருக்கு மீதி நேரத்தில் ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். கிரீன் ரூமில் வம்பு பாதியாகக் குறையும்.

ஐந்தாம் படி: காட்சி நாள்

நேர அட்டவணையைப் பின்னோக்கிப் போடுங்கள். மாலை ஏழு மணிக்குக் காட்சி என்றால், ஆறரைக்கு ரசிகர்கள் உள்ளே வரத் தொடங்குவார்கள். ஆறு மணிக்குள் மேடை சுத்தமாக இருக்க வேண்டும், நடிகர்கள் ஒப்பனையில் இருக்க வேண்டும். விளக்கு, ஒலி, செட் மாற்றம் மட்டும் பார்க்கும் டெக்னிகல் ஒத்திகைக்கு இரண்டு மணி நேரம். அதற்கு முன் செட் கட்ட இரண்டு மூன்று மணி நேரம். அப்படியானால் குட்டியானை வண்டி காலை பதினொரு மணிக்காவது அரங்க வாசலில் நிற்க வேண்டும். சென்னைப் போக்குவரத்தை நம்பாதீர்கள். முதல் நாள் இரவே பொருள்களை ஏற்றும் வசதி இருந்தால் ஏற்றிவிடுங்கள். அரங்கத்தில் முந்தைய நிகழ்ச்சி தாமதமாக முடிவது சாதாரணம். அந்த அரைமணி நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

மேடைக்குப் பின்னால் வேலை செய்யும் எல்லோருக்கும் கறுப்புச் சட்டை, சத்தம் போடாத செருப்பு. சாவிக் கொத்து, சில்லறை, கொலுசு, வளையல் எல்லாம் கழற்றி ஒரு பையில். நீங்கள் விங்ஸில் நின்று ரசிகர்களைப் பார்க்க முடிந்தால் ரசிகர்களுக்கும் நீங்கள் தெரிவீர்கள். ஓரடி பின்னால் நகருங்கள்.

விளக்கணைத்து செட் மாற்றும் நேரத்துக்குத் தனி ஒத்திகை வேண்டும். யார் எந்த நாற்காலியைத் தூக்குவார், எந்த வழியாகப் போவார், எதிரே வருபவர் எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று வெளிச்சத்தில் மூன்று முறை செய்து பார்த்துவிட்டு, பிறகு இருட்டில் செய்யுங்கள். பொருள் வைக்க வேண்டிய இடத்தில் இருட்டில் தானாக ஒளிரும் டேப்பைச் சின்னத் துண்டாக ஒட்டுங்கள். வண்டிகளில் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கர் இதற்கு உதவாது. அதன்மேல் வெளிச்சம் பட்டால்தான் அது மின்னும். இருட்டு மேடையில் அதுவும் இருட்டாகத்தான் இருக்கும்.

தண்ணீர், முதலுதவிப் பெட்டி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். நடிகர்கள் பயத்தில் மதியம் சாப்பிடாமல் இருந்துவிடுவார்கள். நாலு மணிக்கு இட்லி, வாழைப்பழம் மாதிரி ஏதாவது கொடுத்துச் சாப்பிட வைக்கும் பொறுப்பை ஒருவர் ஏற்க வேண்டும். என் கண்ணில் இது இயக்குநர் வேலைக்கு அடுத்த முக்கியமான வேலை.

மேடையில் ஏதாவது தவறினால், விங்ஸில் நிற்பவர் முகத்தில் அது தெரியக் கூடாது. நடிகர் உள்ளே வந்ததும் "என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். தண்ணீரைக் கொடுங்கள், அடுத்த காட்சிக்கான பொருளைக் கையில் கொடுங்கள், தோளைத் தட்டி அனுப்புங்கள்.

வீதி நாடகத்தில் சேர்ந்தால்

இங்கே வேலை வேறு மாதிரி. ஒருவர் பறையோ டிரம்மோ அடித்துக் கூட்டம் சேர்ப்பார், ஒருவர் வட்டத்தை அகலமாக்குவார், ஒருவர் முடிவில் துண்டு ஏந்துவார். வட்டத்துக்கு வெளியே நின்று சுற்றுப்புறத்தைக் கவனிக்கும் ஆள் மிக முக்கியம். அவர் நாடகத்தைப் பார்க்கக் கூடாது. கூட்டத்தையும் சாலையையும் மட்டும் பார்க்க வேண்டும். அனுமதிக் கடிதத்தின் நகல் அவர் பையில் இருக்க வேண்டும். ஒலிபெருக்கி வைத்தால் காவல்துறை அனுமதி தனியாக வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. நாடகப் பிரதியை முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்க வைத்த 1954ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் பிரிவுகளை ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒரு நாடகக்காரர் எல்லா நாடகக்காரர்களுக்காகவும் நீதிமன்றப் படி ஏறியதன் பலன் அது. புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டெல்லி வீதி நாடகக் கலைஞர் சப்தர் ஹாஷ்மியைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 1989 ஜனவரி 1 அன்று டெல்லிக்கு அருகே சாஹிபாபாத்தில் அவருடைய ஜன நாட்டிய மஞ்ச் குழு தொழிலாளர்களுக்காக நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டது. மறுநாள் அவர் இறந்தார். ஜனவரி 4 அன்று அவருடைய மனைவி மலயஸ்ரீயும் தோழர்களும் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தார்கள். தோழமை என்று நான் சொல்லும்போது என் மனதில் இருக்கும் அளவுகோல் அந்த மூன்று நாள்தான். ஹாஷ்மி பிறந்த நாளான ஏப்ரல் 12 வீதி நாடக தினமாக இன்றும் நினைக்கப்படுகிறது.

பணம்

நண்பர்கள்தானே என்று கணக்கு எழுதாமல் விடும் குழு நட்பையும் சேர்த்து இழக்கும். ஒவ்வொரு காட்சிக்கும் வரவும் செலவும் ஒரு தாளில் எழுதி, அடுத்த ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் வாசியுங்கள். அரங்க வாடகை, வண்டி, விளக்கு, மேக்கப், சாப்பாடு என்று தனித்தனியாக. சொந்தப் பணம் போட்டவர் யார், எவ்வளவு, அது நன்கொடையா கடனா என்று போடும் அன்றே எழுதிவிட வேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லித்தான் பெரும்பாலான சண்டை தொடங்குகிறது.

மாணவர்களிடமும் வேலையில்லாதவர்களிடமும் சந்தா வாங்காதீர்கள். மிச்சமாகும் பணத்தில் முதல் உரிமை தூரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களின் பயணச் செலவுக்கு. தாம்பரம் தாண்டியிருந்து வரும் பெண் தன் கையிலிருந்து தினமும் செலவழித்து நடிக்கிறாள் என்றால், அந்த நாடகத்தின் பெரிய நன்கொடையாளர் அவள்தான்.

குழு வளர்ந்து நன்கொடைகள் வரத் தொடங்கினால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஏழு பேர் இருந்தால் போதும். குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கட்டும், இரண்டு பேர் கையெழுத்தோடு.

வேறொருவர் எழுதிய நாடகத்தைப் போட்டால் ஒத்திகைக்கு முன்பே எழுத்தாளரிடமோ வாரிசுகளிடமோ அனுமதி வாங்குங்கள். ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள்வரை இந்தியாவில் பதிப்புரிமை உண்டு. 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களுக்கு இந்தக் கவலை கிடையாது.

மனஸ்தாபம் வரும் இடங்கள்

பாத்திரம் பிரிக்கும் நாள்தான் குழுவின் சோதனை நாள். பிரதியை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, பாத்திரங்களை மாற்றி மாற்றி இரண்டு மூன்று நாள் வாசிக்கட்டும். யாருக்கு எந்தப் பாத்திரம் பொருந்துகிறது என்று எல்லோர் காதுக்கும் கேட்டுவிடும். பிறகு இயக்குநர் முடிவைச் சொல்லும்போது அது மேலிருந்து விழுந்த கட்டளையாகத் தெரியாது. பெரிய வேடத்தை எதிர்பார்த்துக் கிடைக்காமல் போனவரிடம் இயக்குநர் நேரில் பேச வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போட்டு முடிப்பது கோழைத்தனம்.

உங்களுக்கு வேடம் கிடைக்கவில்லையா? ஒரு வாரம் வருத்தப்படுங்கள், ஆனால் அந்த வாரமும் ஒத்திகைக்கு வாருங்கள். வராமல் இருந்துவிட்டால் திரும்பி வரும் கூச்சம் ஒவ்வொரு நாளும் கூடும்.

அடுத்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லாத வேலைப் பிரிவினை. எத்தனையோ முற்போக்கான நாடகங்களின் ஒத்திகையில் டீ போடுவது பெண்களாகவும், பெருக்குவது புதிதாக வந்த ஏழைப் பையனாகவும், கம்ப்யூட்டரைத் தொடுவது நன்றாக இங்கிலீஷ் பேசுபவராகவும் தானாக அமைந்துவிடும். தானாக அமைவது என்று இதில் எதுவும் கிடையாது. வீட்டிலும் தெருவிலும் சாதியும் பாலினமும் பழக்கிய வழியிலேயே அமைகிறது. இதற்கு மருந்து சுவரில் ஒட்டிய ஒரு அட்டவணை. பெருக்குதல், டீ, பாத்திரம் கழுவுதல், பூட்டுதல், வாரம் ஒருவர். இயக்குநர் பெயர் அதில் முதலில் இருக்கட்டும்.

பெண்களின் பாதுகாப்பு பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். ஒத்திகை முடியும் நேரத்தைக் கடைசி பஸ்ஸை வைத்து முடிவு செய்யுங்கள். உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை இல்லாத அரங்கை எடுக்காதீர்கள். தொட்டு நடிக்க வேண்டிய காட்சி இருந்தால் எங்கே, எப்படி, எவ்வளவு நேரம் என்று இருவரும் முன்கூட்டியே பேசி, இயக்குநர் முன்னால் முடிவுசெய்யட்டும். ஒத்திகையில் முடிவானதைத் தாண்டி மேடையில் எதுவும் கூடாது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஊதியமில்லாமல் தன்னார்வமாக வேலை செய்பவரையும் ஊழியராகவே கருதுகிறது. பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் உள்ளவர்கள் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் கொடுக்கலாம். "நமக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம்மா" என்று மூத்தவர்கள் அமுக்கிய புகார்களால் நல்ல நடிகைகளைத் தமிழ் நாடகம் இழந்திருக்கிறது. சேரும் முன்பே கேளுங்கள்: இங்கே ஒரு பெண் புகார் சொன்னால் யாரிடம் சொல்ல வேண்டும்? உடனே ஒரு பெயரைச் சொல்லும் குழுவில் சேருங்கள்.

விமர்சனத்துக்கும் நேரம் உண்டு. காட்சி முடிந்த இரவு வேண்டாம். அன்று சேர்ந்து சாப்பிடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து உட்கார்ந்து, விளக்கில் தொடங்கி நடிப்புவரை எல்லாவற்றையும் பேசுங்கள். முதலில் பேசும் வாய்ப்பு மேடைக்குப் பின்னால் நின்றவர்களுக்கு. அவர்கள் பார்த்ததை நடிகர்கள் பார்த்திருக்க முடியாது.

கடைசிப் படி: கழற்றுவதும் ஒப்படைப்பதும்

செட்டைக் கழற்றிவிட்டுத்தான் எல்லோரும் கிளம்ப வேண்டும். இதில் விதிவிலக்கு இரண்டு பேருக்குத்தான்: உடல்நலமில்லாதவருக்கும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவருக்கும். ஆணி, திருகு எல்லாம் ஒரு டப்பாவில். கேபிளை முழங்கையில் இறுக்கிச் சுற்றாதீர்கள், உள்ளே கம்பி முறுக்கிக்கொண்டு உடையும். பெரிய வளையமாகச் சுருட்டிக் கட்டுங்கள். இரவல் வாங்கிய பொருள்களைத் தனியாக அடுக்கி, யார் வீட்டுப் பொருள் என்று சீட்டு ஒட்டுங்கள். அடுத்த நாளே துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அடுத்த நாடகத்துக்கும் அந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும். அரங்கத்தைப் பெருக்கிவிட்டு, காவலாளிக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

வேலை மாற்றம், திருமணம், குழந்தை, ஊர் மாற்றம் என்று எல்லோருக்கும் ஒருநாள் விலகும் நேரம் வரும். காட்சி நடுவில் விலகாதீர்கள்; நாடகம் முடியும்வரை இருந்து, முன்கூட்டியே சொல்லி, உங்கள் பொறுப்பை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போங்கள். ஒரு காட்சிக்கு அவர் உங்கள் பக்கத்தில் நிற்கட்டும், அடுத்த காட்சிக்கு நீங்கள் அவர் பக்கத்தில் நில்லுங்கள். பென்சில் குறிப்புகளோடு பிரதி, பொருள் பட்டியல், உடைப் பைகளின் சாவி, தச்சரின் எண், விளக்கு வாடகைக்காரரின் எண், எந்த அரங்கில் எத்தனை மணிக்குச் சாவி ஒப்படைக்க வேண்டும் என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். உங்கள் எண்ணையும் அதன் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். காட்சி நாளன்று அவருக்கு ஏதாவது சந்தேகம் வரும்.